சூஃபியா டீச்சரும் ஃபேன் இல்லாத பெட்டியும்

கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு சூஃபியா தமிழ் சொல்லிக்கொடுப்பது கீழக்கரைப் பிள்ளைகளுக்கு அல்ல. ஷார்ஜாவிலும் தோஹாவிலும் பிறந்து, வாப்பாவின் ஊரை லீவில் மட்டும் பார்க்கிற பதினொரு பிள்ளைகளுக்கு. கம்ப்யூட்டரில் வகுப்பு நடத்த அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, என்ன ஆனது என்று நோட்டில் எழுதிவைத்துத் தானே பிடித்துக்கொண்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் போன மாதம் நின்றுபோனது. மூன்று வாரமாகச் செல்போனில் வகுப்பு. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிகிறது என்று தாய்மார்கள் குறைப்பட்டார்கள். வருகிற ஞாயிறும் இப்படியே என்றால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வதாக இரண்டு பேர் நயமாகச் சொல்லியும் விட்டார்கள்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி ஹமீது சுல்தான், "நான் வாங்கித் தாறேன் ராத்தா. இருக்கிறதுலயே பெருசா" என்றான்.

அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் இருந்தது. போன லீவில், ராத்தா கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரம், கம்ப்யூட்டர் பெட்டி சுடுகிறதே என்று அதைத் தூக்கிக் கடலைப் பார்த்த சன்னலில் வைத்தவன் அவன்தான். யார் வைத்தது என்று ராத்தா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இருவரும் ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வசந்தகுமார் உள்ளங்கை அகலத்தில் ஒரு மினி பிசியை எடுத்துவைத்தார்.

"இதுல ரெண்டு ஃபேன் மேடம். உள்ள ஏசி போட்ட மாதிரி இருக்கும்."

சூஃபியா பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். செத்துப்போன பெட்டியின் போர்டு. செம்புக் கோடுகளின் மேல் பச்சை பூத்திருந்தது.

"ஃபேன் எந்தக் காத்தைத் தம்பி உள்ள இழுக்கும்?"

"வெளிக்காத்தைத்தான்" என்றார் வசந்தகுமார்.

"எங்க ஊரு வெளிக்காத்து கடல் உப்புக்காத்து. அது பண்ணுன வேலைதான் இது."

சுல்தான் கடையின் கூரையை ஆராய்ந்தான்.

கீழ்த்தட்டில் ஃபேனே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சூட்டை அதன் மேல்மூடியே வெளியேற்றிவிடும் என்றார் வசந்தகுமார். "ஆனா இது சின்னது மேடம். கேமெல்லாம் ஓடாது."

"என் பதினொரு பிள்ளைங்க ஓடாம இருந்தாப் போதும்."

நோட்டைப் பார்த்துக் கேட்டார். வீட்டில் இருக்கும் பழைய மானிட்டரின் ஒயர் இதில் சேருமா? மெமரி போதவில்லையென்றால் பிறகு கூட்டமுடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்ற பிறகு, "ஒரு வகுப்பு நடத்திப் பார்க்கணும்" என்றார்.

வசந்தகுமார் சுல்தானைப் பார்த்தார். சுல்தான், "அவங்க அப்படித்தான், விடுங்க" என்றான்.

கேமரா கையோடு வந்திருந்தது. மாணவன்தான் இல்லை. செல்போனோடு எதிர்ச்சாரி டீக்கடைக்கு அனுப்பப்பட்டான் சுல்தான். ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ராத்தா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வது அவனுக்குப் போனில் தெரிந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு சரிபார்த்துக் கிளம்புவதில்லை என்று நினைத்துக்கொண்டான். சலிப்பும் பெருமையுமாக இருந்தது.

கடைசியாகத் திரையில் தெரியும் பலகையில் ஒரு வரி எழுதினார். "சத்தமாப் படி தம்பி."

"பெட்டியைச் சன்னலில்..." சுல்தானின் குரல் இறங்கியது. "வைத்தது யார்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"விடை சொல்லு."

"நான்தான் ராத்தா." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. காத்துப் படட்டும்னு நானும்தான் விட்டுட்டேன். பாதித் தப்பு என்னுது. எழுத்து தெளிவா இருக்கா?"

"ரொம்பத் தெளிவா இருக்கு."

"படம் எங்கயும் நிக்கலையே?"

"இல்ல."

"அப்ப இதையே கட்டச் சொல்லு."

ஞாயிறு காலை, சுல்தான் கேட்காமலே பெட்டியை உள்ளறைச் சுவரில், சன்னலுக்கு எட்டாத மூலையில் பொருத்தினான். கடல் பக்கத்துக் கதவுகளைச் சாத்தினான். பதினொரு முகங்களும் திரையில் வந்தன. நயமாகப் பேசிய இருவரின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"நானும் உக்காரட்டா ராத்தா?"

"நீ நேத்தே பாஸாயிட்ட. போயி மீன் வாங்கிட்டு வா" என்றார் சூஃபியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.