தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

சென்ற வாரம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண், வாந்தி வராமலிருக்க ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்துக்கொண்டார். நான் கருவூலத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். நான் இருக்கிறேனா என்று ஒருவர் விசாரிக்கும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நல்ல புடவையாகவே கட்டிக்கொண்டு போவேன்.

அந்தத் தோல் வாசனை ஏறியதும், நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு வாடகைப் பஸ் நினைவில் வந்து நின்றது.

செந்துறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எனக்கு முதல் வேலை. அறிவியல் டீச்சர். ஊரில் ஒருவரையும் தெரியாது. ஒரு மாடி அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், அரை டம்ளர் அரிசி. சாப்பிடும்போது பேச ஆளில்லாததால் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். ரசக்கறை படாத பக்கம் அதில் குறைவு. கடலில் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் கரும்பலகையில் படம் போட்டு வெகு அழகாக விளக்குவேன். ஆனால் கடலை நான் பார்த்ததே இல்லை. அப்போது இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல இப்போது வெட்கமில்லை.

அதனால், தரங்கம்பாடிக்குச் சுற்றுலா என்று முடிவானபோது பிள்ளைகளைவிட எனக்குத்தான் படபடப்பு. பொறுப்பை மூன்று பேருக்குப் பிரித்தார்கள். விளையாட்டு ஆசிரியர் கடலைப் பார்த்துக்கொள்வார். சாப்பாட்டைச் சத்துணவு சமைக்கும் அஞ்சலை அக்கா. பெண்பிள்ளைகளை நான்.

அஞ்சலை அக்காவிடம் சட்டதிட்டங்கள் நிறைய. தேங்காய் சேர்த்த எதுவும் கூடாது, மதியத்துக்குள் ஊசிப்போகும். புளிச்சோறு நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டும். தயிர்ச்சோற்றில் தயிர் ஒரே கரண்டி, மற்றதெல்லாம் காய்ச்சிய பால். "வெயில்ல போற சோறு டீச்சர். புளிப்பு தானா ஏறிக்கும், நாம ஊத்த வேணாம்" என்பார். கடலைக் கண்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பசியே தெரியாது என்று, கரைக்குப் போகும் முன்பே சாப்பிட வைத்துவிட வேண்டும் என்றார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் யாரும் அலையில் கால் வைக்கக் கூடாது.

ஜெயங்கொண்டம் தாண்டி அணைக்கரைப் பாலத்தில் பஸ் ஏறியதுமே, கொள்ளிடத்தைப் பார்த்துப் பாதிப் பிள்ளைகள் "கடலு, கடலு" என்று எழுந்துவிட்டார்கள். நானும் ஒரு நொடி எழுந்து, பிறகு புடவையைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

நிஜக் கடல் வந்தபோது விளையாட்டு ஆசிரியர் தயாராக இருந்தார். கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த தடித்த வடத்தைப் பள்ளியிலிருந்தே கொண்டுவந்திருந்தார். உள்ளூர் மீனவர்கள் இருவர் முழங்கால் ஆழத்தில் அதை நீளமாகப் பிடித்து நின்றார்கள். அதைத் தாண்டக் கூடாது. பத்துப் பத்துப் பேராக, ஜோடியாகக் கைகோத்து இறங்க வேண்டும். தூரத்திலிருந்தே எண்ண வசதியாகப் பெண்பிள்ளைகள் இருபது பேருக்கும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். பிள்ளைகள் வடத்தைப் பிடித்தார்களோ இல்லையோ, நான் இறுகப் பிடித்திருந்தேன். காலடி மண்ணை அலை உருவிக்கொண்டு போவது எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

மூன்றாவது கூட்டம் இறங்கியபோது ரிப்பன்களை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். எட்டாம் வகுப்பு வசந்தியைக் காணோம்.

விளையாட்டு ஆசிரியர் விசிலை ஊதி எல்லோரையும் கரையேற்றினார். என் கண் கடலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு அலையும் மடங்கும்போது சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். அஞ்சலை அக்கா மட்டும் கடலைப் பார்க்காமல் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளின் பக்கம் நடந்தார். கடைசிப் படகின் கையகல நிழலில் வசந்தி சுருண்டு கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டில் நிரம்பியிருந்தது.

அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு, மீனவர் வீடுகளின் முன்வரிசையில் முதலில் தெரிந்த வீட்டுக்கு ஓடினார். வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண் ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே பாய் விரித்தார். முகத்திலும் காலிலும் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்துணியால் விசிறினார்கள். வசந்தி முனகிக் கண் திறந்த பிறகு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார் அந்தப் பெண். விளையாட்டு ஆசிரியர் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் பார்த்துவிட்டு, உடம்பில் தண்ணீரே இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்.

"பாட்டில் நெறையத் தண்ணி இருக்கே, ஏம்மா குடிக்கல?" என்று கேட்டேன்.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர். எங்க போறது?"

வழியில் பஸ் ஒருமுறை நின்றது. பையன்கள் இறங்கிக் கருவேலம் புதருக்குப் போய் வந்தார்கள். பெண்பிள்ளைகள் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. காலையிலிருந்து நானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், இருபது பிள்ளைகளுக்கும் அதே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே போய் மற்றவர்களின் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட லேசாக இல்லை. அன்றைக்கு நான் அழுதது வசந்தி பிழைத்ததற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "இதுக்கு ஏம்மா அழுவுற? கொல்லையில ஓலத் தட்டி மறப்பு இருக்கு. ஒவ்வொண்ணா அனுப்பு" என்றார். அடிபம்பில் தானே தண்ணீர் அடித்து வாளியை நிரப்பி நிரப்பி வைத்தார். பிள்ளைகள் போய்விட்டு வந்து, வாசலில் நின்று பாட்டிலைக் கவிழ்த்துக் கடகடவென்று குடித்தார்கள். இருபது பேரும் முடிந்த பிறகு அவர் என்னைப் பார்த்து, "நீயும் போயிட்டு வா" என்றார்.

பரிமாறிய அலைச்சலில் நானும் அக்காவும் சாப்பிட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த தயிர்ச்சோற்றை அந்த வீட்டுக்குள் மூன்று பேரும் பிரித்துச் சாப்பிட்டோம். அக்கா சொன்னபடியே புளிப்பு அளவாக ஏறியிருந்தது. அந்தப் பெண் சுட்ட கருவாடு ஒரு துண்டு வைத்தார். வேலையில் சேர்ந்து எட்டு மாதத்தில் நான் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எந்தச் சுற்றுலாவிலும், போய் இறங்கியதும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைக் கேட்டு வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தேன். அந்தக் கரைக்கு மட்டும் திரும்பப் போக வாய்க்கவில்லை. எனக்கு மாற்றலாகிவிட்டது. அஞ்சலை அக்கா மகளோடு திருப்பூருக்குப் போய் அங்கேயே இறந்துபோனதை ஒரு வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். வசந்தி எங்கே வாழ்கிறாள் என்று தெரியாது. விளையாட்டு ஆசிரியரின் எண்ணை அழுத்தினால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தனியாகப் பஸ் பிடித்துத் தரங்கம்பாடிக்குப் போனேன். கரை ஓரமாகப் பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார்.

"இங்க முன்வரிசையில ஒரு வீடுங்க. ஒரு அம்மா இருந்தாங்க. எங்க ஸ்கூல் புள்ளைங்களுக்கு ரொம்ப ஒதவி செஞ்சாங்க."

"பேரு?"

அந்த அம்மா கையால் கஞ்சி குடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். பெயரைக் கேட்டிருக்கவில்லை. தெரியாது என்றேன்.

பெரியவர் வலையை மடியில் வைத்துவிட்டுக் கடலைக் காட்டினார்.

"கடல் ஊருக்குள்ள வந்துச்சே, அதுக்கப்புறம் முன்வரிசையே கெடயாதுங்க" என்றார்.