மத்தியானத்துக்கு உலை வைக்காத வீடு

எங்கள் வீட்டில் அரிசி பற்றாமல் போனதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது. ஏரி நிரம்பி வழிந்த வருஷத்திலும் என் அம்மா பட்டினி கிடந்திருக்கிறாள். நைனாவுக்கு நல்ல வேலை கிடைத்ததுதான் அதற்குக் காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் நாலு பேர் குடியிருந்தோம். நைனா, அம்மா, நான், எனக்கு இளையவன் ஒரு தம்பி. நைனாவும் அம்மாவும் முதலில் கூலிக்கு வயலில் இறங்கியவர்கள். கூலி நெல்லாக வரும். மத்தியானம் கூழ் வயலுக்கே வந்துவிடும். நிலக்காரர் தர்மத்துக்காக ஊற்றவில்லை, காலி வயிற்றோடு ஆள் நாற்று நட மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அம்மா வரப்பில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடிப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அம்பத்தூர்ப் பக்கம் நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போயிற்று. அதில் ஒன்றில் நைனாவுக்கு ஹெல்பர் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே, நடுவில் கேன்டீன். அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த வேலையும் போயிற்று, வேலையோடு கூழும் போயிற்று.

சேர்ந்த மாதமே நைனா ஒரு யோசனை சொன்னார்.

"இன்னாமே, எனுக்கு மத்தியானம் கம்பெனிலயே சோறு. புள்ளைங்களுக்கு இஸ்கூல்ல போட்றாங்கோ. இனிமே பகல்ல உல வெக்க வேணாம். அந்த அரிசி மிச்சம்னா, மழைக்கு முன்னாடி ஊட்டுக்கு ஓடு மாத்திடலாம்."

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா.

நைனா கஞ்சன் இல்லை. குடிக்கிறவரும் இல்லை. மூன்று பேரைக் கழிக்கப் போய் நாலாவது ஆளையும் சேர்த்துக் கழித்துவிட்டார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்குப் பகல் சோறு என்பது வேலை செய்கிற இடத்தில் கிடைப்பது. வீட்டில் காலையில் பழையது, பொழுது சாய்ந்தபின் பொங்குவது. பகலில் வீட்டில் இருக்கிறவளுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கே தோன்றவில்லையா, தோன்றியும் பேசாமல் இருந்தாளா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் அடுப்பு எரியும், நைனா வீட்டில் இருப்பார் என்பதால். லீவு விட்டால் எங்களை நெமிலிச்சேரி அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதனால் வேலை நாளின் மத்தியானத்தில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்ததே இல்லை. நைனா சாயங்காலம் வந்து கேன்டீனில் போட்ட பொரியலைப் பற்றிப் பேசுவார். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். அவள் இளைத்துக்கொண்டே போனதை, வெயில் குறைந்ததால் நிறம் ஏறியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள். நல்ல கண்!

சில வருஷம் இப்படியே போனபின் ஒரு கோடையில் கம்பெனியில் லாக்கவுட், கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அதே வாரம் எங்களுக்குப் பள்ளிக்கூட லீவு. அத்தை வீட்டுக் கிணறு வற்றிப் போயிருந்ததால் எங்களை அங்கே அனுப்பவும் வழியில்லை. வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று தட்டும் ஒன்றாக வீடு திரும்பின.

முதல் நாள் மத்தியானம் நைனா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தம்பியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அம்மா எங்களைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னா, சோறு போடு" என்றார் நைனா.

"பகல்ல நான் உல வெக்கிறதில்லியே."

"அப்ப நீ இன்னா துன்ற?"

அம்மா பானையில் கிடந்த நீராகாரத்தை எங்கள் இருவருக்கும் ஊற்றினாள். நைனாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இத்தினி வருசமா ஏன்மே சொல்லல?"

"நீ கேட்டியாய்யா? பொரியலு இன்னான்னு நீதான் டெய்லி சொன்ன. நான் துன்னேனான்னு ஒரு நாளு கேட்டியா?"

அவள் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன்பின் அவர் காலையில் பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில் வேகனிலிருந்து மூட்டை இறக்கப் போவார். வேலை கிடைத்த நாள் குறைவு. ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தள்ளினார்கள். வருஷா வருஷம் தள்ளிப்போட்டு ஓடு மாற்ற வைத்திருந்ததெல்லாம் கரைந்தது. எது கிடைத்தாலும் கஞ்சியாகக் காய்ச்சி, பகலில் நாலு தட்டு வைத்து, நைனாவே சமமாக ஊற்றினார். அம்மா குடித்து முடிக்கும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். வீடே அரை வயிற்றோடு கிடந்த அந்த நாட்களில்தான் என் அம்மா மத்தியானம் சாப்பிட்டாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே கம்பெனி திறந்தது. நைனா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

"புள்ளைங்களோட நீயும் சேந்து துன்னு. உனுக்கும் சேத்து உல வெய்யி."

"சரி, போய் வா."

சம்பளம் வர இன்னும் நாள் இருந்தது. பானையில் அரிசி அடியில்தான் கிடந்தது. மத்தியானம் அம்மா வடித்த சோற்றைத் தம்பிக்கும் எனக்கும் போட்டாள். "நீ?" என்று கேட்டேன். "அப்பால" என்றாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நைனா உள்ளே நுழைந்ததும் கேட்டார், "மத்தியானம் துன்னியா?"

"துன்னேன், துன்னேன்" என்றாள் அம்மா.

நைனாவின் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்யி நைனா! அது துன்னல. கழுவிக் கவுத்துட்சி" என்று கத்தினேன்.

அம்மா பாய்ந்து வந்து என் முதுகில் அறைந்தாள். நாற்றுக் கட்டைத் தூக்கி வயலில் வீசிய கை அது. முன்பெல்லாம் அந்தக் கையால் ஒன்று விழுந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். அன்று வலிக்கவே இல்லை. அடித்துவிட்டு அவள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுத அழுகையில், அடி பலமாக விழுந்துவிட்டது என்று நினைத்து நைனா அவளைத் திட்டினார்.