மூன்று மணிப் பேப்பர்

எட்டாவது வரை படித்தவள் நான். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனா எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெரிய பாடகர் சாகவில்லை என்ற புரளி எங்கே பிறந்தது என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

யுத்த காலம். கணவர் காலமான பிறகு பம்பாயில் மாதுங்காவில் தம்பியோடு ஒரே அறையில் இருந்தேன். காலையில் அவன் ஆபீசுக்குக் கிளம்பினால், இருட்டும் வரை நானும் சுவரும்தான். மாடி வீட்டு மாமா மதராஸ் பேப்பர் தருவிப்பார். படித்து முடித்த பேப்பர்களைக் கட்டாகக் கட்டி எனக்குக் கொடுப்பார். பகல் மூன்று மணிக்கு அதை உரக்கப் படிப்பேன். எங்கள் கட்டடத்துப் பெண்கள் அநேகமாகப் பாலக்காட்டுக்காரர்கள். பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம்; தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கேட்க வந்தவர்கள் இரண்டே பேர்.

ஒரு நாள் பாடகர் இறந்த செய்தியைப் படித்தேன். மூவரும் அழுதோம். மறுநாள் பேப்பர்க் கட்டிலிருந்து அடுத்ததை உருவி, நாளை மாலை அவர் கச்சேரி என்ற விளம்பரத்தைப் படித்துவிட்டேன்.

"செத்தவர் நாளைக்கு எப்படிப் பாடுவார்?" என்றாள் மூன்றாம் நம்பர் மாமி. "ரெண்டு பொண்டாட்டி தொல்லை தாங்கலையாக்கும். செத்துட்டேன்னு போடச் சொல்லிட்டுக் காசிக்குப் போயிருப்பார்!"

அவர்கள் போன பிறகுதான் தேதியைப் பார்த்தேன். இறந்த செய்திக்கு மூன்று நாள் முந்திய பேப்பர். கட்டு முன்பின்னாக இருந்திருக்கிறது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். பாய் போதவில்லை. அவரை வடாலாவில் தாடியோடு பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். காட்கோபர் பஜனையில் அதே குரல் கேட்டதாம் இன்னொருத்திக்கு. என் அறையில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் திறக்கவில்லை.

வந்தவர்களில் எதிர் அறைப் பெண்ணும் ஒருத்தி. அது அவள் மாமனார் வீடு. அவள் கணவன் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்து வரும்போது வழியில் இறந்துவிட்டதாக, கூட வந்த ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஒரு நாள் அவள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பேப்பர்ல அச்சடிச்சதே பொய்யாப் போறது, மாமி. ஒரு லெட்டர் எம்மாத்திரம்?" என்றாள் என்னிடம்.

அப்போதும் நான் சொல்லவில்லை.

பிறகு அவளுடைய அண்ணன் வந்தார். பாலக்காட்டில் டீச்சர் டிரெயினிங்குக்கு அவளுக்கு இடம் வாங்கியிருந்தார். அவள் வரமாட்டேன் என்றாள். "அவருக்குத் தெரிஞ்ச அட்ரஸ் இதுதான். நான் போயிட்டா வந்து யாரைக் கேட்பார்?" என்று அவள் சொன்னது என் அறைவரை கேட்டது.

அன்று மூன்று மணிக்கு எல்லோரும் உட்கார்ந்ததும், எடுத்து வைத்திருந்த அந்த இரண்டு பேப்பரையும் அவள் முன்னால் வைத்தேன்.

"அந்தக் கச்சேரி பழைய பேப்பர்ல இருந்தது. தேதி பார்க்காம படிச்சுட்டேன். அவர் செத்தது நெஜம்."

"அப்போ வடாலா தாடி?" என்றாள் மூன்றாம் நம்பர் மாமி.

"யாரோ ஒரு தாடி, மாமி."

யாரும் சிரிக்கவில்லை. தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் எதிர் அறைப் பெண்ணுக்கு எண் தெரியும். இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும், மாமி?"

"அன்னிக்கே."

பேப்பர்களை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

"எங்களுக்கு நீ படிச்சதுதானேடி பேப்பர்," என்று சொல்லிவிட்டு மூன்றாம் நம்பர் மாமியும் எழுந்தாள்.

மறுநாள் அந்தப் பெண் அண்ணனோடு மதராஸ் மெயிலில் போனாள். மூன்று மணிக்குப் பாயை விரித்தேன். யாரும் வரவில்லை.