போதகர் தட்டில் எலி மருந்து

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஜெபதுரையைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடையாது. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே எல்லாரும் அவர் பேச்சைக் கேட்பார்கள். வீட்டில் எலிகூடக் கேட்காது.

கொல்லையில் சிந்திக் கிடக்கும் கோழித்தீவனம், அடுக்களையில் வாய் திறந்த அரிசி மூட்டை, குழாய் ஓரம் கை நுழையும் ஓட்டை. எலிக்கு வேறென்ன வேண்டும்? ஓட்டையை அடைக்கச் சொன்னார் மனைவி எலினா. பொறி வாங்கச் சொன்னார். ஆறு வயது மகள் அக்சா இருக்கும் வீட்டில் மருந்து மட்டும் வைக்கக் கூடாது என்றார். மூன்றில் ஜெபதுரை செய்தது, கூடாது என்றதை மட்டும்.

கருவாட்டில் வைத்தால் எலி மோந்துவிட்டுப் போய்விடுகிறதாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கால் கிலோ பால்கோவா வாங்கி, மருந்தைப் பிசைந்து, அதே டப்பாவில் போட்டு அலமாரி உச்சியில் ஒளித்தார். எலினாவுக்குத் தெரியாமல் பிறகு எடுத்து வைப்பதாகத் திட்டம்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். நானும் போயிருந்தேன். எங்கள் போதகர் ஜெபிக்கத் தொடங்கினால் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும். எலினா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இவியதான் பாஸ்டருக்குன்னு வாங்கி ஒளிச்சு வச்சிருக்காவ. நாந்தான் கண்டுபிடிச்சேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில். தட்டில் இருப்பது அந்த மருந்துப் பால்கோவா என்று ஜெபதுரைக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் போதகர் போவார். நீண்ட ஜெபம்தானே, எல்லாரும் கண்ணை மூடியதும் தட்டை அப்புறப்படுத்திவிடலாம் என்று நினைத்தாராம். போதகரோ பால்கோவா வாசத்தில் இரண்டே வரியில் ஆமென் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

ஜெபதுரை பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டார்.

"அதுல எலி மருந்து இருக்கு பாஸ்டர்."

போதகர் தம் கையைப் பார்த்தார், பிறகு ஜெபதுரையைப் பார்த்தார்.

"ஏலே, போன வாரம் பிரசங்கம் அம்புட்டு நீளமாவா இருந்துச்சு?"

நான் சிரித்துத் தொலைத்தேன். எலினா சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்சா இந்த டப்பாவத்தான் கேட்டா. பாஸ்டர் சாப்பிட்ட பொறவு தாரேன்னு சொன்னேன்" என்றார்.

ஜெபதுரை தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கம்பெனிக் கையுறையை மாட்டிக்கொண்டு, சிந்தியதைக் கோழிகூடக் கொத்தாதபடி ஒரு துணுக்கு விடாமல் அள்ளிக் கவரில் முடிந்தார்.

மறுநாளே ஓட்டையில் கம்பிவலை வைத்துச் சிமெண்டு பூசினார். அரிசியும் தீவனமும் மூடி போட்ட தகர டின்னுக்குள் போயின. கொல்லையில் பொறி, அதில் தேங்காய்ச் சில்லு. ஒரே மாதத்தில் எலித் தொல்லை ஒழிந்தது.

ஆனால் அவர் எந்தப் பண்டம் வாங்கி வந்தாலும் முதல் வாய் அவரேதான் தின்ன வேண்டும். எலினா பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் விழுங்கிய பிறகுதான் அது அக்சா கைக்குப் போகும்.