கிழக்கு பார்த்த பெடல்

மகளின் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது என்று இன்று காலை எண்ணெய் விட்டேன். பிள்ளை உட்காரும் வண்டிக்கு இந்த எண்ணெய் ஆகுமா என்று பிறகுதான் யோசித்தேன். துடைத்தேன், மறுபடி விட்டேன். என் காரியமெல்லாம் இப்படித்தான். அந்த வாடை, கிள்ளானில் நாங்கள் முதலில் குடியிருந்த வாடகை வீட்டின் போர்ச்சுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

கார் நிற்க வேண்டிய அந்த இடத்தில் என் கணவர் யாரிடமோ வாங்கிய பழைய மீன்பிடிக் கயாக் கிடந்தது. காலால் பெடல் மிதித்தால், அடியில் விசிறி சுழன்று ஓடும் படகு. பெடல் உடைந்துபோய், விசிறியோடு சேர்ந்த மாற்றுப் பெடல் பார்சலில் வந்திருந்தது. அது பொருந்தினால் ஞாயிறுதோறும் காப்பார் பக்கம் கடலுக்குப் போவார். நானோ மாசமாக இருந்தேன். பொருந்த வேண்டும் என்று வேண்டினேனா, கூடாது என்று வேண்டினேனா, தெரியவில்லை. இரண்டையும் ஒரே சாமியிடம் கேட்டிருப்பேன்.

பூசை போடாமல் தண்ணீரில் இறக்கக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

“வீலே இல்ல, எலுமிச்சம்பழத்த எங்கமா வைக்கிறது?” என்றார் அவர்.

“படகுக்கு அடியில வைங்க.”

“நசுங்காது லா. நீ ஏறி உக்காந்தாதான் நசுங்கும்.”

புது வண்டி கிழக்கு பார்த்துத்தானே நிற்க வேண்டும்? படகின் மூக்கோ வீட்டைப் பார்த்தபடி மேற்கே கிடந்தது, திருப்ப இடமில்லை. அதனால் பெடலை மட்டும் கிழக்கே, கேட்டைப் பார்க்க வைத்துக் குங்குமமிட்டு, சூடம் காட்டினோம். படகின் குழியில் இதே எண்ணெயை விட்டு, பெடலைத் திசை மாறாமல் அப்படியே தூக்கி அதில் இறக்கினார். சிக்கென்று உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சாமான். எப்படி வைத்தாலும் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் காப்பார் ஆற்று முகத்துவாரத்தில் அவர் மிதித்தார். படகு பின்னால் வந்தது. வேகமாக மிதித்தார். வேகமாகப் பின்னால் வந்து, நான் நின்ற சேற்றில் முட்டியது.

படகு கட்டும் ஜெட்டியில் வலை உதறிக்கொண்டிருந்தவர் கத்தினார்: “பாஸ், கடல் அந்தப் பக்கம்! பொண்டாட்டிய விட்டுப் போக மனசில்லையா?”

நானும் சிரித்தேன். சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டார்.

“வேணாம்னா சொல்லு, வீட்டுக்குப் போயிரலாம்.”

“வேணாம்னு சொல்லலைங்க.”

“அப்ப போகவா?”

“போங்கன்னும் சொல்லல.”

தலையை ஆட்டிக்கொண்டே பெடலைக் கழற்றித் திருப்பி மாட்டினார். போனார். ஆனால் நான் பார்க்கும் தூரத்தைத் தாண்டவேயில்லை. அங்கே மீன் கடிக்காது என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரும்பிக் கை காட்டினார். அவர் கடலுக்குப் போன ஞாயிறெல்லாம் அப்படித்தான்.

மகள் பிறந்ததும் கயாக்கை விற்றுவிட்டார். நான் கேட்கவில்லை, தடுக்கவுமில்லை. அந்தக் கரையில் இப்போது வேலி போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து போன் பார்க்கிறார். இதைத்தானே வேண்டினேன்? கை காட்ட வேண்டிய தூரம்தான் இல்லாமல் போய்விட்டது.