சகோதர மண்டபத்தில் குடியிருந்தோம்

எங்கள் சங்க மண்டபத்தின் உள்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயிண்டால் ஒரு விதி எழுதியிருக்கிறது: உயிரோடு இருக்கிறவர் எவரும் இங்கே படுக்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவர் என் அப்பா.

பதுளைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை; அந்தக் காம்பராவில் ஒரு பிரேதத்தைக் கிடத்தினால் நின்று அழக்கூட இடம் இருக்காது. அதற்காகத்தான் மரண உதவிச் சங்கமும் மண்டபமும். இந்துவோ வேதக்காரரோ, அங்கத்தவர் யார் இறந்தாலும் அங்கே வைத்துத்தான் எடுப்பார்கள். காரியம் முடியும்வரை மண்டபம் அந்தக் குடும்பத்துக்கு.

முதலில் லயத்தின் கடைசிக் காம்பராவில் சங்கம் நடந்ததாம். ஒரு மழையில் அதன் சுவர் ஊறி விழுந்தது. பிறகு தேயிலை ஸ்டோருக்குக் கீழே தகரக் கொட்டகை போட்டார்கள். காற்றுக்கு அதன் கூரை பறந்துபோனது. மூன்றாவதுதான் இந்தக் கல் மண்டபம். அடியில் பாறை இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லிக் கட்டியவர் அப்பாவின் கூட்டாளியான மேசன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். மண்டபம் திறந்த புதிதில், சம்பள நாளன்று குடித்திருந்த ஒருவர் பிரேதம் வைக்கும் பலகையில் ஏறித் தூங்கிவிட்டார். காலையில் கூட்ட வந்த பெண் போட்ட சத்தத்தில் லயமே ஓடி வந்தது. அடுத்த கூட்டத்தில் அப்பா எழுந்து விதியைச் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

கூட்டத்தில் யாராக இருந்தாலும் 'சகோதரம்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு கோழிக்காக அப்பாவும் என் தாய்மாமனும் பேசாமல் இருந்த காலத்தில்கூட, உள்ளே வந்தால், "சகோதரம் சொல்றது பச்சைப் பொய்" என்று மரியாதையாகவே சண்டை பிடித்தார்கள்.

ஒரு பெருமழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு வெடிப்பு விட்டது. காம்பராவின் பின்சுவரிலும் கோடு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே படுக்க வேண்டாம் என்றார்கள். எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். அப்பாவும் தாய்மாமனும் போனபிறகு எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. மழை விடும்வரை மண்டபத்தில் இருக்க இடம் கேட்டோம். கேட்டது மனைவிதான். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது.

மழைக்காக விதியைத் தளர்த்தினார்கள். நானும் மனைவியும் மகளும் அங்கே இருந்தோம். விடிந்ததும் பாயைச் சுருட்டி, உட்காரும் வாங்குக்குப் பின்னால் மறைத்துவிடுவோம். சமையல் வெளியே, தகரத்துக்குக் கீழே. மகள் ஓ.எல். பரீட்சைக்குப் பிரேதப் பலகையில் புத்தகத்தை வைத்துத்தான் படித்தாள். அவ்வளவு அகலமான மேசை அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

மழை விட்டது. வேறு இடம் கிடைக்கவில்லை. மறுபடி மழை வந்தது. கூட்டம் போட்டார்கள்.

தலைவர் சொன்னார்: "சகோதரம், மழை விடுற வரைக்கும்னு கேட்டீங்க. அடுத்த மழையும் வந்திருச்சு."

பின்னால் இருந்து ஒருவர், "அப்பா போட்ட விதிக்குக் கீழயே மகன் பாய் விரிக்கிறாரு சகோதரம்" என்றார். சிரித்தார்கள்.

வாசலில் நின்ற மனைவி கேட்டாள்: "அப்ப செத்தாத்தான் உள்ள விடுவீங்களா?"

கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள். அடுத்த சாவு விழும்வரை இருக்கலாம். அதோடு சாவியைத் தந்துவிட வேண்டும்.

அடுத்தது யார் என்று தோட்டத்துக்கே தெரியும். மண்டபம் கட்டிய அந்த மேசன் நெஞ்சு நோயோடு பக்கத்து லயத்தில் படுத்திருந்தார். மனைவி தினமும் கஞ்சி காய்ச்சினாள். நான் கொண்டுபோனேன், சில நாள் அவளும் வந்தாள்.

"எம்மேல இவ்வளவு பாசம் எப்ப வந்துச்சு?" என்று ஒருநாள் அவர் அவளைக் கேட்டார். "நான் மண்டையப் போட்டா நீங்க ரோட்டுல. அதானே?"

"ஆமாங்க மாமா. அதனால மிச்சம் வைக்காமக் குடிங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோய் முதுகைத் தடவினோம்.

இருமல் அடங்கியதும் மகனைக் கூப்பிட்டார். "நான் போனா லயத்துலயே வைங்கடா. மண்டபத்துக்குத் தூக்க வேணாம்."

"நீங்க கட்டுன மண்டபம்பா அது. உங்களைய இஸ்தோப்புல போட்டுட்டு நான் எந்த முகத்தோட நிப்பேன்?"

இஸ்தோப்பு என்பது காம்பராவுக்கு முன்னால் உள்ள சின்ன இடம். ஒரு பெட்டி வைத்தால் வழி அடைபட்டுவிடும். மகன் கேட்டது நியாயம். ஆனாலும் அவன் சரி என்று சொல்லிவிடமாட்டானா என்று நான் காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், நல்ல மழையில், மேசனின் மகன் மண்டபத்துப் படியில் வந்து நின்றான். "அண்ணே" என்றான். "அப்பா போயிட்டாரு."

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றேன்.

மகள் புத்தகங்களை உரப் பைக்குள் போட்டுக் கட்டினாள். மனைவி பலகையை இரண்டு தரம் கழுவித் துடைத்தாள். சாமான்களைத் தகரத்துக்குக் கீழே இழுத்து வைத்துவிட்டு, நானும் போய்த் தோள் கொடுத்து அவரைத் தூக்கி வந்தேன். வந்தவர்கள் எல்லோரும் உட்கார இடம் இருந்தது. "விசாலமா இருக்குப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் தலைவரிடம் சாவியை நீட்டினேன்.

"எங்க போகப் போறீங்க சகோதரம்?"

"பழைய காம்பராவுக்குத்தான்."

"அது படுக்க வேணாம்னு சொன்ன இடமாச்சே."

"ஆமாங்க."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய காம்பராவில் ஏற்கெனவே இரண்டு குடும்பம்.

பூட்டியிருந்த காம்பராவைத் திறந்தோம். ஈர மண் வாசம் அடித்தது. பின்சுவரின் வெடிப்புக்குள் மகள் விரலை விட்டுப் பார்த்தாள். நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது அதில் விரல் நுழையாது. இப்போது அவள் கை மணிக்கட்டுவரை போனது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பாயை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வாசலோரமாக விரித்தோம். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. குளிருகிறதே என்று நான் எழுந்து போனேன்.

"கதவச் சாத்தாதீங்க" என்றாள் மனைவி. "ஓடுறதுக்கு வேணும்."