பெட்டிக்குள் ஒரு அசைவு

எங்கள் குலசாமிக்குச் சிலை கிடையாது. ஒரு மரப்பெட்டிதான் சாமி. வருடம் முழுதும் எங்கள் வீட்டு உள்ளறையில் இருக்கும். மாசி சிவராத்திரியன்று மதியம், ஆண்டிபட்டிக்குத் தெற்கே கரட்டுக் குன்றின் அடியில் இருக்கும் கோயிலுக்கு அப்பா அதைத் தலையில் சுமந்து போவார். வழியில் பேசக்கூடாது, கீழே இறக்கக்கூடாது. திறக்கவே கூடாது.

கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த வருடம் நான் கும்பிடுவதை விட்டேன். வீட்டில் முதலில் படித்தவன் நான். கும்பிட்டால் படித்ததே பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "சரிய்யா" என்றார், அவ்வளவுதான்.

மறு வருடம் வாய்க்காலில் வழுக்கி விழுந்து அவர் இடுப்பு ஒடிந்து படுத்தார். சித்தப்பா என்னைத் தேடி வந்தார்.

"ஏலே, நீ தூக்கலைன்னா பெட்டி பங்காளி வீட்டுக்குப் போயிரும். ஒங்கப்பன் தாங்க மாட்டாரு."

"எனக்கு நம்பிக்கை இல்ல சித்தப்பா."

"தலை இருக்குல்ல? அது போதும்."

அப்பாவுக்காகத் தூக்கினேன். பெட்டி லேசாகத்தான் இருந்தது. கண்மாய்க் கரை வளைவில், கூட வந்த கொட்டுக்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள். சின்ன வயதில் இறந்த என் அக்காவைப் புதைத்தது அந்தக் கரைக்குக் கீழேதான். எனக்கு அப்போது அது ஞாபகத்தில் இல்லை. வெயில் அப்படியே நின்றது, காற்று இல்லை. உள்ளே ஏதோ புரண்டது. தூக்கத்தில் பிள்ளை புரண்டு படுப்பது போல, கனம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிற்று. என் நடைதான் காரணம் என்று நினைத்து அசையாமல் நின்றேன். நின்றிருக்கும்போதே மறுபடி புரண்டது. வாய் திறக்க முடியாது. கோயில் வரை வியர்த்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

"அசைஞ்சுச்சா?"

"கம்மாக் கரையில."

அவர் கதவைச் சாத்தும்படி சைகை காட்டினார். பிறகு சொன்னார்: "உள்ள ஒண்ணும் இல்லய்யா. ஒங்கக்கா காய்ச்சல்ல போன அன்னைக்கே தொறந்து பாத்துட்டேன். இத்தனை வருசம் யாரைக் கும்பிட்டேன்னு பாக்கணும்னு தோணுச்சு. வெறும் பெட்டி. அன்னைக்கோட சாமிய விட்டாச்சு."

"அப்பறம் ஏன் தூக்குனீக?"

"அதுக்கு முந்தி ஒருநாளும் அது அசைஞ்சதில்ல. மறு மாசியில இருந்துதான், அந்த வளைவுல மட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு இன்றும் நம்பிக்கை வரவில்லை. கும்பிடுவதும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கவும் இல்லை. படித்தவன் முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான். மாசி வந்தால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறேன். கண்மாய் வளைவு நெருங்கும்போது, கொட்டு அடிப்பதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுகிறேன். மெதுவாக நடக்கிறேன்.